நகரும் இரும்பு, நகராத கட்டை: ஏர் ரைஃபிளுக்கு ஒரு சறுக்குத் தளம்

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் நாம் உணரும் பின்னுதைப்பில் பெல்லட்டின், அதாவது சிறு ஈயத் தோட்டாவின், பங்கு மிகச் சொற்பம். என்னிடம் இருப்பது உள்நாட்டில் தயாரான, குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் 4.5 மி.மீ. ரைஃபிள். அரை கிராமுக்குச் சற்றே கூடுதலான பெல்லட் அதிலிருந்து நொடிக்கு 220 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. எடையைக் கிலோவில் எடுத்து வேகத்தோடு பெருக்கினால் உந்தம் 0.11 வருகிறது. ஸ்பிரிங் விடுபட்டதும் உள்ளே ஒரு டியூபில் முன்னே பாய்ந்து காற்றை அழுத்தும் பிஸ்டன் 250 கிராம். 200 கிராம் ஸ்பிரிங்கில் பாதியும் அதோடு சேர்ந்து ஓடுவதாகக் கொள்ள வேண்டும். உச்ச வேகம் நொடிக்குப் பத்து மீட்டர் என்று வைத்தாலே உந்தம் 3.5 ஆகிவிடுகிறது. பெல்லட்டுடையதைப் போல முப்பது மடங்கு. தோளில் இடிப்பது பெல்லட் அல்ல, பிஸ்டன்.

அந்த இடியும் ஒரே திசையில் வருவதில்லை. பிஸ்டன் முன்னே பாய்கிறபோது துப்பாக்கி பின்னே நகர்கிறது. டியூபின் முனையில் அடைபட்ட காற்று பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும்போது, அந்த உந்தம் முழுவதும் துப்பாக்கிக்குத் திரும்பி வருகிறது. பின்னே போய்க்கொண்டிருந்தது சட்டென்று நிற்கிறது. தோளில் அழுந்தியிருந்ததால் கொஞ்சம் முன்னேயும் துள்ளுகிறது. எல்லாம் ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்துக்குள். காற்றழுத்தம் உச்சத்தை நெருங்கிய பிறகுதான் பெல்லட் இடத்தை விட்டே கிளம்புகிறது என்பதுதான் இதில் சங்கடம். துப்பாக்கி ஏற்கெனவே சில மில்லிமீட்டர் நகர்ந்து, திசை மாறித் துள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் பெல்லட் குழலுக்குள் ஓடுகிறது. எனவே கையை எங்கே வைத்தோம், தோளில் எவ்வளவு அழுத்தினோம் என்பதெல்லாம் குறியை மாற்றும். மணல் பையின் மேல் நேரடியாக வைத்துச் சுட்டால் ஓரிடத்திலும், உள்ளங்கையில் ஏந்திச் சுட்டால் வேறிடத்திலும் படும். ஸ்பிரிங் துப்பாக்கி வைத்திருக்கும் எவருக்கும் இந்த எரிச்சல் தெரியும்.

இதைத் தீர்க்க மூன்று வழிகள் ஏற்கெனவே உண்டு. ஜெர்மனியின் ராஸ்டாட் நகரத்து டயானா நிறுவனம் தன் போட்டித் துப்பாக்கிகளில் பயன்படுத்திய கிஸ் முறையில் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிர்த் திசையில் ஓடும். முன்னது காற்றை அழுத்தும்; பின்னது வெறும் எதிர் எடை. இரண்டையும் பல் சக்கரம் இணைத்து வைத்திருப்பதால் ஒன்றின் உந்தத்தை மற்றது அழித்துவிடும். இங்கிலாந்தில் ஜான் விஸ்கோம் என்பவர் செய்த ரைஃபிள்களில் இரண்டு பிஸ்டன்களும் நேருக்கு நேர் பாய்ந்து நடுவில் உள்ள காற்றை அழுத்தின. எதிர் எடை என்று ஒன்றை வீணாகச் சுமக்க வேண்டாம். இரண்டும் வேலை செய்யும். மூன்றாவது, மவுசர் தொழிற்சாலையிலிருந்து வந்த இரு பொறியாளர்கள் 1949இல் ஓபெர்ன்டார்ஃபில் தொடங்கிய ஃபைன்வெர்க்பாவ் நிறுவனத்தின் வழி. அவர்களுடைய 300எஸ் ரைஃபிளில் பின்னுதைப்பை யாரும் அழிப்பதில்லை. குழலும் டியூபும் சேர்ந்த முழு இரும்புப் பகுதியும், கையிலும் தோளிலும் பிடிக்கும் மரக் கட்டையின் மேல் சறுக்குத் தளத்தில் உட்கார்ந்திருக்கிறது. சுட்டதும் அது பின்னே சறுக்குகிறது; கட்டை அப்படியே இருக்கிறது.

முதல் இரண்டு வழிகளும் மனத்தை மயக்கும் அழகு. ஆனால் அவற்றைச் செய்வது என்றால் புதிதாகத் துப்பாக்கியே செய்வது. பிஸ்டன், அதைப் பிடித்து வைத்திருந்து டிரிகர் இழுத்ததும் விடும் சியர், டியூப் எல்லாவற்றையும் கடைய வேண்டும். வெப்பப் பதம் கொடுக்க வேண்டும். தவறினால் இறுகிய ஸ்பிரிங் முகத்துக்கு அருகே விடுபடும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் அளவு 4.5 மி.மீ.க்குள்ளும் குழல் வாயை விட்டு வெளியேறும் பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் உள்ள ஏர் ரைஃபிளை வைத்திருக்க உரிமம் தேவையில்லை. வைத்திருப்பது வேறு, தயாரிப்பது வேறு. என்னுடையது 12.5 ஜூல். அதன் ஸ்பிரிங், பிஸ்டன், டிரிகர் எதையும் தொடுவதில்லை, கட்டையை மட்டும் புதிதாகச் செய்வது என்று முதலிலேயே எல்லை போட்டுக்கொண்டேன். அந்த எல்லைக்குள் அடங்குவது சறுக்குத் தளம் மட்டுமே. டயானா 54 ரைஃபிளும் இதே பாதையில் வந்ததுதான்: பின்னுதைப்புள்ள ஒரு ரைஃபிளின் இரும்பைச் சறுக்கின் மேல் ஏற்றியிருக்கிறார்கள்.

இன்றைய போட்டித் துப்பாக்கிகள் சிலிண்டரில் அடைத்த காற்றில் இயங்குகின்றன. அவற்றில் ஓடும் பாகம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற காலத்திலேயே ஸ்பிரிங் துப்பாக்கிகள் மேடையை விட்டு இறங்கத் தொடங்கிவிட்டன. பிறகு எதற்கு இந்த வேலை என்று கேட்டால், சிலிண்டரும் பம்பும் வேண்டாம் என்பது ஒரு பதில். உண்மையான பதில், கணக்கு சரியா என்று பார்க்கும் ஆசை.

கட்டையைக் கழற்றிய பின் மிஞ்சும் குழல், டியூப், டிரிகர் எல்லாவற்றையும் இனி ‘இரும்பு’ என்றே குறிப்பிடுகிறேன்.

முதலில் தெரிய வேண்டியது சறுக்கு எவ்வளவு நீளம் ஓட வேண்டும் என்பது. இதற்கு வேகமோ அழுத்தமோ எதுவும் தேவையில்லை. வெளியிலிருந்து விசை இல்லாவிட்டால் மொத்த எடையின் மையம் நகராது. பிஸ்டன் 80 மி.மீ. முன்னே போகிறது என்றால், மீதியெல்லாம் அதற்கு ஈடுகட்டும் அளவுக்குப் பின்னே போயே ஆக வேண்டும். 350 கிராமை 80ஆல் பெருக்கி மொத்த எடையால் வகுத்தால் போதும். கடையில் வாங்கியபடி கட்டையோடு சேர்த்து 3.2 கிலோ, எனவே தடையில்லாமல் விட்டால் ஏறக்குறைய 9 மி.மீ. பின்னே போக வேண்டும். கட்டை இல்லாத இரும்பு 2.2 கிலோ. அதன் அடியில் பொருத்தப்போகும் தாங்கித் தகட்டுக்கு 300 கிராம் ஒதுக்கினால் 2.5 கிலோ, ஓட்டம் 11 மி.மீ. இதற்குப் பின் பெல்லட்டும் அதன் பின்னால் பாயும் காற்றும் தரும் சிறு உந்தம் மிச்சம் இருக்கும். அது இன்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளும். அதற்குள் உராய்வே நிறுத்திவிடும். ஆகவே 16 மி.மீ. ஓட்டமும் கடைசியில் ஒரு ரப்பர் தாங்கியும் என்று முடிவு செய்தேன்.

இங்கே ஒரு நுணுக்கம். ஸ்பிரிங்கின் எடையில் எவ்வளவு சேர்ப்பது என்பதில் பலர் குழம்புவார்கள். ஆற்றல் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு; உந்தக் கணக்கிலும் எடை மையக் கணக்கிலும் பாதி. ஒரு முனை நின்று மறு முனை ஓடும் ஸ்பிரிங்கில் நடுப்பகுதி பாதி வேகத்தில் ஓடுகிறது. வேகத்தை வர்க்கமாக்கிக் கூட்டும்போது மட்டுமே மூன்றில் ஒன்று வரும். இதை மாற்றிப் போட்டால் ஓட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை பிசகும்.

சறுக்குக்கு முதலில் மனத்தில் இருந்தது, முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் வரும் 12 மி.மீ. எல்.எம். கைடு, அதாவது சிறு குண்டுகள் உருள நேர்கோட்டில் ஓடும் சறுக்கு. வாங்குவது எளிது, உராய்வு மிகக் குறைவு, இரண்டு வாங்கிப் பொருத்தினால் வேலை முடிந்தது. காகிதத்தில் போட்டபோது அதை விட வேண்டியதாயிற்று. சுடும்போது சறுக்கின் மேல் சுமை அதிகமில்லை. குழலை மடக்கும்போதுதான் வருகிறது. குழலின் முனையை 14 கிலோ விசையில் கீழே இழுக்கிறேன். அந்த முனையிலிருந்து சறுக்கின் நடு வரை 40 செ.மீ. இழுக்கும் கை குழலில், தாங்கும் கை கட்டையில். இடையில் உள்ள ஒரே இணைப்பு சறுக்கு. 55 நியூட்டன் மீட்டர் அளவுக்கு நெம்பித் திருப்பும் விளைவு, அதாவது திருக்கம், அதன் வழியாகத்தான் போக வேண்டும். சிறிய எல்.எம். கைடுகளின் குண்டுகள் ஒவ்வொரு முறையும் இதைத் தாங்குமா என்ற ஐயத்தோடு வாழ விரும்பவில்லை.

ஆகவே பழைய வழி: 10 மி.மீ. சில்வர் ஸ்டீல் தண்டுகள் இரண்டு, அவற்றின் மேல் வழுக்கி ஓடும் கன்மெட்டல் (வெண்கல வகை) உருளைகளான புஷ்கள் நான்கு. தண்டுகள் கட்டையில் நிற்கும்; புஷ்கள் இரும்போடு ஓடும். முன் புஷ்ஷுக்கும் பின் புஷ்ஷுக்கும் இடையே 160 மி.மீ. அந்த நீளத்தில் பிரிந்தால் திருக்கம் ஒரு முனைக்கு 350 நியூட்டன் அளவில் வரும். இரண்டு புஷ்கள் பகிர்ந்துகொண்டால் பாதி. கன்மெட்டலுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. உராய்வு கூடும் என்பது உண்மை. அதையும் கணக்கிட்டேன். 2.5 கிலோ எடைக்கு உராய்வு இரண்டரை நியூட்டன். டியூபின் அச்சுக்கும் இரும்பின் எடை மையத்துக்கும் உள்ள சிறு விலகலால் வரும் சாய்வையும் சேர்த்தால் ஆறு, ஏழு. சுடும் நேரத்துக்கு அதைப் பெருக்கினால் கட்டைக்குப் போய்ச் சேரும் உந்தம் 0.1 அளவு. மூன்றரையில் முப்பத்தைந்தில் ஒன்று. போதும்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு கோவை கணபதிப் பக்கத்து லேத் பட்டறை ஒன்றுக்குப் போனேன். ரைஃபிளைக் கொண்டு போகவில்லை. தகடும் தண்டும் மட்டுமே. இரும்பைக் கட்டையோடு பிணைக்கும் மூன்று திருகுத் துளைகளின் இடைவெளியை அட்டையில் எடுத்து வைத்திருந்தேன். பட்டறைக்காரர் படத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “நான்கு புஷ்ஷையும் அளவாகக் கடைந்தால் ஓடாது தம்பி” என்றார்.

“தண்டுகளை இணையாகவே வைத்திருக்கிறேன் அண்ணா.”

“காகிதத்தில் இணையாக இருக்கும். திருகை முறுக்கியதும் அரை நூல் திரும்பும். ஒரு பக்கம் இரண்டையும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மறு பக்கம் துளையைப் பக்கவாட்டில் கொஞ்சம் நீட்டிவிடுகிறேன். அது மேலும் கீழும் மட்டும் பிடிக்கட்டும்.”

இயந்திர வடிவமைப்புப் பாடத்தில் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் உண்டு. அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இடப்பக்கத் தண்டு திசையைக் காட்டுகிறது. வலப்பக்கத் தண்டு சாயாமல் மட்டும் தாங்குகிறது. துடைத்து, மெல்லிய எண்ணெய் விட்டு, தகட்டை ஒரு விரலால் தள்ளினால் முனை வரை தானாக ஓடியது.

கட்டையைப் பதினெட்டு மி.மீ. பிளைவுட்டை அடுக்கி ஒட்டிச் செய்தேன். தேக்கில் செய்திருந்தால் பார்க்க நன்றாக இருக்கும், சோதனைக்கு அவசியமில்லை. தண்டுகளைத் தாங்கும் இரண்டு அலுமினியக் கட்டைகளை எபாக்ஸி வைத்து, குறுக்கே போல்ட் போட்டு இறுக்கினேன். குழலை மடக்கும்போது பிஸ்டனைப் பின்னே தள்ளும் நெம்புகோல் கை ஓடும் பள்ளத்தைத் தொழிற்சாலைக் கட்டையில் இருந்ததைவிட 16 மி.மீ. நீட்டினேன். இரும்பு பின்னே போன நிலையிலும் அந்தக் கை எங்கும் முட்டக் கூடாது. டிரிகரைச் சுற்றியுள்ள காப்பு வளையமான டிரிகர் கார்டையும் அதே காரணத்துக்காகப் பின்பக்கம் நீட்டினேன். டிரிகர் இரும்போடு சேர்ந்து ஓடுகிறது, கார்டு கட்டையோடு நிற்கிறது.

டிரிகர் இரும்போடு ஓடுகிறது என்ற ஒரே உண்மையில்தான் இந்த வேலையின் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

குறி பார்க்கும்போது இரும்பு முன் முனையில் அசையாமல் நிற்க வேண்டும். சுட்டதும் தடையில்லாமல் விடுபட வேண்டும். 300எஸ்ஸில் இதற்கென ஒரு பூட்டு உண்டு. ஸ்பிரிங்கை இறுக்கும்போது சறுக்கு முன்னே வந்து பூட்டிக்கொள்ளும். டிரிகரை இழுக்கும்போது பூட்டும் சேர்ந்து திறக்கும். அப்படிச் செய்ய நான் டிரிகர் அமைப்புக்குள் கை வைக்க வேண்டும். அது போட்டுக்கொண்ட எல்லைக்கு வெளியே. மாற்று வழி, ஒரு சிறு விசை வரை பிடித்துக்கொண்டு, அதைத் தாண்டினால் விட்டுவிடும் ஏதாவது ஒன்று. குண்டும் ஸ்பிரிங்கும் வைத்த தட்டுப் பூட்டு செய்யலாம். ஆனால் பள்ளத்திலிருந்து ஏறும் வரை அது உரசிக்கொண்டே வரும். நியோடிமியம் காந்தம் நல்லது. ஒட்டியிருக்கும்போது முழு இழுப்பு, அரை மில்லிமீட்டர் விலகியதும் பெரும்பகுதி போய்விடும்.

எவ்வளவு இழுப்பு வேண்டும்? மேல்நோக்கி இருபது பாகை சாய்த்துச் சுட்டால் இரும்பு தன் எடையால் பின்னே வரப் பார்க்கும். அதற்கு எட்டரை நியூட்டன். அதோடு முடிந்தது என்று தோன்றும். ஆனால் டிரிகரைச் சுண்டும் விரலை யோசியுங்கள். கை கட்டையைப் பிடித்திருக்கிறது. விரல் டிரிகரைப் பின்னே இழுக்கிறது. அந்த இழுப்பு முழுவதும் இரும்பைக் கட்டையிலிருந்து பின்னே பெயர்க்கும் விசை. கைத் தராசை டிரிகரில் மாட்டிப் பார்த்தால் 1.6 கிலோவில் விடுகிறது, அதாவது 16 நியூட்டன். ஐந்தாறு நியூட்டன் இழுக்கும் சிறிய காந்தத்தை வைத்து, ஸ்பிரிங்கை இறுக்காமலேயே டிரிகரை அழுத்திப் பார்த்தேன். டிரிகர் நகர்வதற்கு முன்பே மொத்த இரும்பும் மெல்லப் பின்னே வந்தது. குறியில் நின்றபடி இப்படி நடந்தால், சுடும்போது சறுக்கில் ஓட மிச்சமே இருக்காது; உதை முழுவதும் ரப்பரைத் தாண்டித் தோளுக்கு வந்துவிடும்.

எனவே 16ஐயும் எட்டரையையும் கூட்டி, மேலே கொஞ்சம் சேர்த்து, 32 நியூட்டன் என்று வைத்தேன். பெரிய காந்தமாக வாங்கி, முகத்தில் இடைவெளி உண்டாக்கும் மெல்லிய பித்தளை ஷிம் தகடுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, தராசில் மூன்றே கால் கிலோவில் விடும்படி சரிசெய்தேன். சுடும் கணத்தில் ஸ்பிரிங் இரும்பைப் பின்னே தள்ளும் விசை 600 நியூட்டனுக்குக் குறையாது. அதன் முன் இந்த 32 ஒரு தடையே இல்லை. அதுவும் முதல் மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. பழக்கத்தில் சேர்ந்த ஒரே புதிய வேலை: குழலை மடக்கும் முன் இரும்பை முன்னே தள்ளி, காந்தம் ‘டக்’ என்று ஒட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொள்வது.

சோதனைக்கு இடம் வீட்டின் பின்கட்டு. நீளம் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், இருபுறமும் சுவர். முனையில் இரும்புத் தகட்டைப் பின்னால் வைத்து, ரப்பர் துணுக்கு நிரப்பிய மரப்பெட்டி. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடவும் கூடாது: காற்றைத் தடுத்துப் பிடிக்க எதுவும் இல்லாவிட்டால் பிஸ்டன் டியூபின் முனையில் அப்படியே மோதும். சீல், ஸ்பிரிங் எல்லாம் சீக்கிரம் போய்விடும், அளவீடும் பொய்யாகும்.

முதலில் தொழிற்சாலைக் கட்டையோடு இருந்த நிலை. இரண்டு நீண்ட நைலான் கயிறுகளில் துப்பாக்கியை ஊஞ்சலைப் போலக் கிடைமட்டமாகத் தொங்கவிட்டேன். டிரிகரைக் கையால் இழுத்தால் ஊஞ்சல் ஆடிவிடும். அதற்கு சைக்கிள் பிரேக் கேபிள் உதவியது. உறையின் முனை டிரிகர் கார்டின் பின்புறத்தில் முட்டி நிற்கும். உள் கம்பி டிரிகரை இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் துப்பாக்கிக்கு வெளியிலிருந்து தள்ளல் ஏதும் இல்லை. பக்கத்தில் ஒரு எஃகு அளவுகோல், எதிரே நொடிக்கு 240 படம் எடுக்கும் செல்பேசி. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நான்கு மில்லி நொடி இடைவெளி. நடுவில் நடப்பது இரண்டு மூன்று படங்களில் அடங்கிவிடுகிறது. நிலை மாறியது எவ்வளவு என்பது தெளிவாகவே தெரிந்தது: எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே. கணக்கு சொன்னது எட்டே முக்கால். காகிதமும் அளவுகோலும் இப்படி ஒத்துப்போகும்போது வரும் மகிழ்ச்சியை வேறு எதோடும் ஒப்பிட மாட்டேன்.

பிறகு புதிய கட்டை. சறுக்கின் ஓட்டத்தை அளக்க, தண்டின் மேல் இறுக்கமாக நிற்கும் சிறு ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டேன். புஷ் அதைத் தள்ளிக்கொண்டு போய் எங்கே விட்டதோ, அதுவே உச்ச ஓட்டம். பன்னிரண்டு மி.மீ.; சில முறை அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ரப்பர் தாங்கியைத் தொடவே இல்லை. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் மிச்சம் இருப்பதால் கீழ்நோக்கிச் சாய்த்தும் மேல்நோக்கிச் சாய்த்தும் பார்த்தேன். மேல்நோக்கிச் சாய்க்கும்போது, நின்ற பிறகு எடையால் இரும்பு மெதுவாகச் சரிந்து ரப்பரில் போய் அமர்கிறது. அது பெல்லட் வெளியேறி வெகு நேரத்துக்குப் பின். குறிக்கு அதனால் பாதகமில்லை.

பெல்லட்டின் வேகத்தைக் குரோனோகிராஃபில் பார்த்தேன். இலேசான இரும்பு கூடுதல் வேகத்தில் பின்னே ஓடுவதால் கொஞ்சம் ஆற்றல் அங்கே போகும். பெல்லட் வேகம் குறையலாம் என்ற சந்தேகம் இருந்தது. ஒரு பெல்லட்டுக்கும் அடுத்ததற்கும் இயல்பாக இருக்கும் ஏற்ற இறக்கத்துக்குள் அந்த வேறுபாடு காணாமல் போய்விட்டது.

கட்டைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதைப் பார்க்கப் பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் போதும். கட்டையின் கன்னம் படும் மேட்டில் நாணயத்தை விளிம்பில் நிறுத்தினேன். அதன் முகம் குறியைப் பார்த்தபடி இருந்தால், முன்பின் அசைவு வந்தால் விழும். சுட்டபோது விழவில்லை. தொழிற்சாலைக் கட்டையில் இது கனவிலும் நடக்காது. அடுத்து நாணயத்தைத் தொண்ணூறு பாகை திருப்பி, முகம் பக்கவாட்டைப் பார்க்கும்படி வைத்தேன். இப்போது பக்கவாட்டு அசைவு வந்தால் விழும். சுட்டதும் விழுந்தது. மீண்டும் வைத்தாலும் விழுந்தது. எப்போதும் ஒரே பக்கம்.

முன்பின் உதை போன பிறகு மிச்சமிருப்பது சுருளின் முறுக்கு. சுருள் ஸ்பிரிங் விரியும்போது நீள்வதோடு தன் அச்சில் சற்றுத் திரும்பவும் செய்யும். அந்தத் திருப்பம் இரும்பை அதன் அச்சைச் சுற்றி ஒரு பக்கம் வெட்டுகிறது. சறுக்கு முன்பின் அசைவுக்கு மட்டுமே வழி விடுகிறது. திருப்பத்தை இரண்டு தண்டுகளும் பிடித்து முழுவதுமாகக் கட்டைக்குக் கொடுக்கின்றன. முன்னர் பெரிய உதைக்குள் மறைந்திருந்தது, அது போனதும் தலையைக் காட்டுகிறது. 300எஸ்ஸைத் திறந்தால் ஒரே நீள ஸ்பிரிங்குக்குப் பதில் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு குட்டை ஸ்பிரிங்குகள் இருப்பதன் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றின் முறுக்கை மற்றது தின்றுவிடும். சறுக்குத் தளத்தைச் செய்தவர்கள் அங்கேயே நிற்காமல் நாணயத்தைத் திருப்பி வைத்தும் பார்த்திருக்கிறார்கள்!

இதற்கு எளிய மருந்து, ஸ்பிரிங்கின் முனையில் வழுக்கும் வாஷர் போடுவது. உள்ளே கை வைப்பதில்லை என்ற முடிவால் செய்யவில்லை. ஓய்வு நிலையிலும் ஸ்பிரிங் முன்னழுத்தத்தோடுதான் உட்கார்ந்திருக்கும். அதற்கான அழுத்தி இல்லாமல் அதைப் பிடித்திருக்கும் பின் முனை ஊசியைத் தட்டி எடுப்பவர் விரலையோ பல்லையோ இழக்க நேரும்.

இலக்கில் பலன் என்ன? 10 மீட்டர் போட்டி அட்டையில் பத்தின் புள்ளி அரை மில்லிமீட்டர், ஒன்பதின் வட்டம் ஐந்தரை மில்லிமீட்டர். பழைய கட்டையில் உள்ளங்கையில் ஏந்தி ஐந்து பெல்லட் சுட்டால், மையத்துக்கு மையம் ஒன்பது மில்லிமீட்டரில் அடங்கும். அதே துப்பாக்கியை மணல் பையில் நேரடியாக வைத்தால் கூட்டம் சிதறி, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரும். புதிய கட்டையில் ஏந்தினாலும் ஆறு, பையில் வைத்தாலும் ஆறு. இடம் மாறுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள். ஒன்பது ஆறானதைவிட, எப்படிப் பிடித்தாலும் அதே இடத்தில் படுகிறது என்பதுதான் எனக்குப் பெரிது. மீதி ஆறு மில்லிமீட்டரில் குழலுக்கும் பெல்லட்டுக்கும் என் கைக்கும் பங்கு உண்டு. சறுக்கிடம் அதைக் கேட்க முடியாது.

தொலைநோக்கி பொருத்த நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சறுக்கு வந்துவிட்டது, இனி தொலைநோக்கிக்கு உதை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. உதை குறைந்தது தோளுக்கு. தொலைநோக்கி இரும்பின் மேல் இருக்கிறது. முன்பு 600 நியூட்டன் 3.2 கிலோவைத் தள்ளியது, தோளும் சேர்ந்து தடுத்தது. இப்போது அதே விசை 2.5 கிலோவை எந்தத் தடையும் இல்லாமல் தள்ளுகிறது. முடுக்கம் புவியீர்ப்பைப் போல 19 மடங்காக இருந்தது 24 மடங்காகிறது. பிஸ்டன் நிற்கும் கணத்தில் எதிர்த்திசை வெட்டு இன்னும் கடுமை. வெடிமருந்துத் துப்பாக்கிக்கான தொலைநோக்கிகள் பின்னோக்கிய உதையை மட்டும் எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட தொலைநோக்கியும், அதைத் துப்பாக்கியின் மேல் பிடித்து வைக்கும், நழுவாமல் தடுக்கும் ஊசியுள்ள மவுண்டும் கட்டாயம். என்னுடையது மவுண்டோடு அரை கிலோ. அதை ஏற்றிய பின் ஓட்டம் கணக்குப்படி ஒன்பதே கால் மில்லிமீட்டராகக் குறைந்தது. அவ்வளவு தூரம் கண்ணாடி கண்ணை நோக்கி வரும். கண்ணுக்கும் வில்லைக்கும் ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி தரும் வகை என்பதால் புருவம் தப்புகிறது.

இப்போது மொத்த எடை 5.1 கிலோ. போட்டி விதிகள் அனுமதிக்கும் 5.5க்குள் இருந்தாலும், நின்று சுட்டால் தோள் வலிக்கிறது. தண்டுகளுக்கு விடும் எண்ணெய் டியூபுக்குள் கசியாமல் பார்க்க வேண்டும். அழுத்தக் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டால் பெல்லட் தாறுமாறான வேகத்தில் போகும். அதனால் துணியில் தொட்டுத் துடைப்பதோடு சரி. காந்தத்தின் முகத்தில் இரும்புத் தூள் சேர்ந்தால் ஷிம்மின் இடைவெளி மாறி, இழுப்பு மூன்று கிலோவுக்குக் கீழே இறங்குகிறது. ஒட்டும் நாடாவை அழுத்தி எடுத்தால் தூள் வந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு முறை தராசை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெல்லட் டப்பாவைத் திறக்கிறேன்.